‘புட் ஆஃப்’ என்று எழுதலாமா? – மொழி ஐயங்களுக்கு விடைகள்

கேள்வி: தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கூட்டம் தள்ளிவைக்கப்பட்டதைத் தெரிவிக்கும் மின்னஞ்சலில் ‘புட் ஆஃப்’ என்று எழுதியிருந்தேன். மேலாளர் அதை ‘போஸ்ட்போன்’ என்று திருத்திவிட்டு, “இருசொல் வினைகள் பேச்சுக்கு உரியவை, எழுத்தில் வரக்கூடாது” என்றார். இது சரியா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: அப்படி ஒரு விதி ஆங்கிலத்தில் இல்லை. நம் நாட்டில் எழுதப்படும் ஆங்கிலத்தில் மிகவும் இறுக்கமானது நீதிமன்ற ஆங்கிலம்தான். அங்கேயே, கீழமை நீதிமன்றத்தின் ஆணையை மேல்முறையீட்டில் நீக்கினால் ‘செட் அசைடு’ என்றுதான் எழுதுகிறார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் அறிவித்தபோது, தீர்ப்பில் இடம்பெற்ற சொல் ‘ஸ்ட்ரக் டவுன்’. ஆய்வுக் கட்டுரைகளில் ‘கேரி அவுட்’, ‘பாயின்ட் அவுட்’ ஆகியவை இயல்பாக வருகின்றன. ஆகவே ஃபிரேசல் வெர்ப் எனப்படும் இருசொல் வினைகளைப் பேச்சுவழக்கு என்று ஒட்டுமொத்தமாக ஒதுக்குவது தவறு. அவற்றுள் சில பேச்சுக்கே உரியவை, சில இரண்டிலும் வழங்குபவை, வேறு சிலவற்றுக்கு எழுத்தில் நிகரான ஒற்றைச்சொல்லே கிடையாது.

உங்கள் மேலாளர் செய்த திருத்தத்தை மட்டும் தனியாகப் பார்த்தால், அதற்கு வேறொரு நியாயம் உண்டு. ‘புட் ஆஃப்’ என்பதற்குத் தள்ளிவைத்தல் என்ற பொருளோடு, ஒருவருக்கு ஒன்றின்மேல் வெறுப்பு உண்டாக்குதல் என்ற பொருளும் இருக்கிறது. ‘போஸ்ட்போன்’ என்பதற்கு ஒரே பொருள்தான். ‘கால் ஆஃப்’ என்றால் நிகழ்ச்சியையே கைவிடுவது, ‘புட் ஆஃப்’ என்றால் வேறு நாளுக்கு மாற்றுவது. இரண்டிலும் ‘ஆஃப்’ இருப்பதால் மயங்குகிறவர்கள் பலர், மயங்கினால் அடுத்த தேதிக்கு ஆள் வரமாட்டார்கள். வானூர்திப் பராமரிப்புக் கையேடுகளுக்கென வகுக்கப்பட்ட ‘எளிமையாக்கப்பட்ட தொழில்நுட்ப ஆங்கிலம்’, இருசொல் வினைகளை ஆக்கக் கூடாது என்றே சொல்கிறது. அக்கையேட்டைப் படிப்பவர் எந்த மொழிக்காரராகவும் இருக்கக்கூடும், ஒரு சொல்லுக்கு இரு பொருள் கொண்டால் அங்கே உயிருக்கே ஆபத்து என்பதுதான் காரணம். கடிதத்தைப் படிக்கப்போகிறவர் யார் என்று பார்த்துச் சொல்லைத் தேர்ந்தெடுங்கள். நண்பருக்கும் சக ஊழியருக்கும் எழுதும் மடலில் எல்லாவற்றையும் ஒற்றைச்சொல்லாக மாற்றினால், அது அரசாணை போல விறைத்துப்போகும். அதுவும் நல்ல எழுத்து அன்று.

கேள்வி: நான் ஆங்கில ஆசிரியை. தேர்வுக்காக மாணவர்கள் நூறு இருசொல் வினைகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்கிறார்கள், தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். எழுதும்போது ஒன்றுகூட அவர்கள் கைக்கு வருவதில்லை. வேறு வழி உண்டா?
– வாசகி, சிவகங்கை

பதில்: உங்கள் கவலை பழைய கவலை. சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட அகராதியின் முன்னுரையிலேயே, வினைக்குப் பின்னால் ஒரு சிறுசொல் சேர்ந்து அதன் பொருளை மாற்றிவிடும் இவ்வழக்குதான் அயல்மொழியாருக்கு மிகுந்த இடர் தருவது என்று எழுதி, அவற்றைத் தாம் கவனத்தோடு குறித்திருப்பதாகவும் சொல்கிறார். ‘ஃபிரேசல் வெர்ப்’ என்ற பெயர் 1925-இல் லோகன் பியர்சால் ஸ்மித்தின் நூலில் அச்சேறுவதற்கு வெகுகாலம் முன்பே அந்த இடர் இருந்திருக்கிறது.

ஆனால் தமிழ் மாணவருக்கு இதில் ஒரு வசதி உண்டு, அதை நம் வகுப்பறைகள் பயன்படுத்துவதே இல்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். ஆங்கிலத்தின் சிறுசொல் செய்யும் வேலையில் பெரும்பகுதியைத் தமிழில் துணைவினை செய்கிறது. ‘ஈட்’ என்றால் உண். ‘ஈட் அப்’ என்றால் மிச்சம் வைக்காமல் உண்டுமுடி. ‘யூஸ் அப்’ என்றால் பயன்படுத்தித் தீர். இங்கே ‘அப்’ என்பதற்கு ‘மேலே’ என்று பொருள் சொன்னால் மாணவர் விழிப்பார். நம்முடைய ‘விடு’, ‘தீர்’, ‘முடி’ போல அது செயல் முற்றுப்பெற்றதைக் காட்டுகிறது என்றால் உடனே பிடித்துக்கொள்வார். அவ்வாறே ‘கேரி ஆன்’, ‘ரீட் ஆன்’ ஆகியவற்றில் வரும் ‘ஆன்’, நம் ‘கொண்டே இரு’. ‘ட்ரை ஆன்’ என்பது துணிக்கடையில் நாம் சொல்லும் ‘போட்டுப்பார்’. ‘த்ரோ அவே’ என்பது ‘தூக்கிப்போடு’. காகிதம் எரிந்தால் ‘பர்ன் அப்’ என்றும் வீடு எரிந்தால் ‘பர்ன் டவுன்’ என்றும் எழுதுவது, மேலும் கீழும் ஒரே பொருள் தருவதைப் போலத் தோன்றி மாணவரைக் குழப்பும். முன்னது முழுதும் எரிந்ததையும், பின்னது எரிந்து தரைமட்டமானதையும் சொல்கின்றன. தமிழில் இரண்டுக்கும் ‘எரிந்துபோயிற்று’ போதும்.

முன்னொட்டாக வருவதும் நமக்குப் புதிதன்று. முன்வை, வெளியேறு, மேற்கொள், கைவிடு என்று தமிழ் வினைக்கு முன்னால் சேர்ப்பதை ஆங்கிலம் பின்னால் சேர்க்கிறது. பழைய ஆங்கிலத்திலும் முன்னால் சேர்க்கும் வழக்கு வலுவாக இருந்தது. ‘வித்ஸ்டாண்ட்’, ‘ஓவர்கம்’ போன்ற சொற்கள் அதன் எச்சங்கள்.

இந்த வழி எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்பதையும் மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள். ‘லுக் ஆஃப்டர்’ என்பதைப் பிரித்து ‘பின்னால் பார்’ என்று எத்தனை முறை யோசித்தாலும் ‘பேணு’ என்ற பொருள் கிட்டாது. ‘விட்டுக்கொடு’ என்ற சொல்லில் விடுவதும் கொடுப்பதும் எப்படி ஒன்றாயின என்று தமிழ் கற்கும் அயலார் கேட்டால் நாமும் திகைப்போம். அத்தகையவற்றைப் பட்டியலிலிருந்து எடுத்து, ஒரு முழு வாக்கியத்தில் வைத்து, அந்த வாக்கியத்தையே நினைவில் இருத்தச் சொல்லுங்கள். வாரத்துக்கு ஐந்து போதும். அந்த ஐந்தையும் அவர்கள் தம் வீட்டைப் பற்றி எழுதும் பத்தி ஒன்றில் பயன்படுத்தட்டும்.

கேள்வி: ‘பிக் அப் ஹிம்’ என்பது பிழை, ‘பிக் ஹிம் அப்’ என்பதே சரி என்கிறார்கள். ஏன்?
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: பிரியக்கூடிய இருசொல் வினைகளில், செயப்படுபொருள் பெயர்ச்சொல்லாக இருந்தால் நடுவிலும் வரலாம், இறுதியிலும் வரலாம், ‘ஹிம்’, ‘இட்’, ‘தெம்’ போன்ற பிரதிப்பெயராக இருந்தால் நடுவில் மட்டுமே வரும். ‘லுக் ஆஃப்டர்’ போன்றவை பிரியாதவை, ஆகவே அங்கே ‘லுக் ஆஃப்டர் ஹிம்’ என்பதே சரி. எழுத்தில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. செயப்படுபொருள் நீண்ட தொடராக இருந்தால் அதை நடுவில் திணிக்காதீர்கள். சிறுசொல் வரும்வரை படிப்பவர் பொருளைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: ‘லாக் இன்’, ‘செட் அப்’, ‘பேக் அப்’ – இவற்றைச் சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா?
– வாசகர், சேலம்

பதில்: வினையானால் பிரித்து எழுத வேண்டும், பெயரானால் சேர்த்து எழுத வேண்டும். கடந்தகால வடிவத்தைச் சொல்லிப்பாருங்கள்: ‘லாக்டு இன்’ என்று முதற்சொல் மாறுகிறது. மாறுகிற இடத்தில் இரண்டு சொற்கள் இருக்கின்றன என்று பொருள்.

கேள்வி: வெளிநாட்டு வேலைக்கு அனுப்பிய தன்விவரக் குறிப்பில் ‘ஐ பாஸ்டு அவுட் இன் 2019’ என்று எழுதியதைத் திருத்தச் சொன்னார்கள். இந்தியாவில் எல்லோரும் இப்படித்தானே எழுதுகிறோம்?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: எழுதுகிறோம், இந்தியாவுக்குள் அது பிழை என்று நான் சொல்லமாட்டேன். பயிற்சி முடித்து வெளியேறுதல் என்ற பொருளில் இச்சொல் பிரித்தானிய ராணுவத்திலும் வழங்குகிறது. சென்னை அதிகாரிகள் பயிற்சி நிலையத்தின் நிறைவு அணிவகுப்பும் ‘பாஸிங் அவுட் பரேட்’ என்றே அழைக்கப்படுகிறது. ஆனால் பொதுவழக்கில் ‘பாஸ் அவுட்’ என்றால் மயங்கி விழுதல். உங்கள் குறிப்பைப் படித்த வெளிநாட்டவர், 2019-இல் நீங்கள் மயங்கி விழுந்ததாகவே முதலில் எண்ணியிருப்பார். ‘கிராஜுவேட்டட்’ என்று மாற்றிவிடுங்கள். அலுவலகத்தில் கோப்பை அதிகாரியின் முன்வைப்பதை நாம் ‘புட் அப்’ என்கிறோம். விருந்தினரைத் தங்கவைப்பது என்பது வெளிநாடுகளில் அச்சொல்லுக்கு உள்ள பொருள்களில் ஒன்று. இவை இடத்துக்கு ஏற்ப மாறும் வழக்குகள். ‘கோப் அப் வித்’ என்பது அப்படியன்று. ‘கோப் வித்’ என்பதற்குள் ஒரு ‘அப்’ தேவையின்றிப் புகுந்திருக்கிறது, உள்நாட்டுக் கடிதமானாலும் அதை நீக்கிவிட்டே அனுப்புங்கள்.