புல்லே இல்லாத திடலில் களை: வாசகர் கேள்விகள்

கேள்வி: மகனைப் பார்க்க நியூசிலாந்து போயிருந்தேன். அங்கே பந்து உருட்டி ஆடும் லான் பௌல்ஸ் திடலில் புல்லே இல்லை, குட்டி இலைச்செடி பாய் விரித்தாற்போல் படர்ந்திருந்தது. அதில் களை வந்தால் என்ன மருந்து அடிப்பார்கள்? (செந்தூல் வாசகர்)

பதில்: அது கோட்டுலா. அந்நாட்டுச் செடி, நம் மலேசிய வெக்கைக்குத் தாங்காது. நம் திடலில் 2,4-டி என்ற களைக்கொல்லி அடித்தால் அகன்ற இலைக் களை சாகும், புல் தப்பிக்கும். கோட்டுலாவே அகன்ற இலை என்பதால் அங்கே கணக்கு தலைகீழ். முளைக்கும் புல்தான் களை. ஹாலாக்ஸிஃபாப் என்ற புல்கொல்லி பல புற்களை முடித்துவிடும். ஆனால் போவா அன்னுவா என்ற குட்டைப்புல் அதற்கு மசியாது, கிளெத்தோடிம் என்ற இன்னொரு புல்கொல்லிக்குத்தான் பணியும். பெரிய தலைவலி டெய்சி, சொலீவா என்ற அகன்ற இலைக் களைகள். இரண்டும் கோட்டுலாவின் குடும்பம். பங்காளிகளில் ஒருவரை மட்டும் கொல்லும் மருந்து எளிதில் அமையாது. அதனால்தான் மருந்து மருந்தாக, அளவு அளவாகச் சோதிக்கிறார்கள்.

கேள்வி: பிள்ளைகள் பூப்பந்து ஆடும் முற்றத்தில் மஞ்சள் பூ பூக்கும் தரைக்கடலைச் செடி வளர்த்தேன். மாட்டுப்புல்லும் கோரையும் ஏறிவிட்டன. ஃபுளுவாசிஃபாப் என்ற புல்கொல்லி அடிக்கலாமா? (கெப்போங் வாசகி)

பதில்: அடிக்கலாம், ஆனால் முதலில் மூலையில் சோதியுங்கள். ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் சதுரமாக 12 கட்டம் பிரியுங்கள். மூன்று கட்டத்தில் எதுவும் அடிக்காதீர்கள், மூன்று கட்டத்தில் லேபிளில் பாதி அளவு, மூன்று கட்டத்தில் லேபிள் அளவு, மூன்று கட்டத்தில் இரட்டிப்பு. எது எங்கே என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். இரட்டிப்பு எதற்கு என்றால், பம்பைத் தூக்கி நடக்கும்போது இரண்டு வரிசை ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் அந்த அளவுதான் விழும். லேபிளில் ஹெக்டருக்கு 2 லிட்டர் என்றிருந்தால் ஒரு கட்டத்துக்கு லேபிள் அளவு 0.2 மில்லிலிட்டர்தான், ஊசியால் அளந்து தண்ணீரில் கலக்குங்கள். மாலை மழைக்கு முன், காலையிலேயே அடித்துவிட வேண்டும். ஒன்று, இரண்டு, நான்கு வாரத்தில் பார்த்து எழுதுங்கள். மூன்றாம் நாளே 'சாகவில்லை' என்று மறுபடி அடிப்பவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். இது மெதுவாகக் கொல்லும் மருந்து. சோதனை முடியும்வரை பிள்ளைகள் அங்கே ஆட வேண்டாம்.

கோரைக்கு இது பலிக்காது. அது புல்லே இல்லை, தண்டை விரலில் உருட்டினால் முக்கோணம் தட்டும். கிழங்கோடு தோண்டுங்கள்.

கேள்வி: கொட்டகையில் பழைய பாராகுவாட் களைக்கொல்லி இருக்கிறது. அடித்துத் தீர்க்கலாமா? (செத்தாப்பாக் வாசகர்)

பதில்: கூடாது. 2020 ஜனவரி 1 முதல் இங்கே தடை. வேறு போத்தலில் ஊற்றாதீர்கள், கால்வாயிலும் கொட்டாதீர்கள். உடலுக்குள் போனால் மாற்று மருந்து கிடையாது. பூட்டி வைத்து, விவசாயத் துறையிடம் கேளுங்கள்.