மூலம், பௌத்திரம் ஆபரேஷனுக்குப் பொறவு: கூச்சப்படாமக் கேளுங்க

ஆபரேஷன் வார்டுல நர்ஸா இருந்து ஓய்வு வாங்கினவ நான். மூலம், பௌத்திரம் (ஆசனவாய்க்குப் பக்கத்துல சீழ் வடியற புரை, ஃபிஸ்டுலா)னு அந்த எடத்துல ஆபரேஷன்னா யாரும் வாயத் தொறக்கறதில்லை. பேர் வேண்டாம், ஊர் போதும்.

திருப்பூர், டெய்லர்: அக்கா, மூலம் ஆபரேஷன் ஆகி ரெண்டு நாள். வெளிக்குப் போகவே பயமா இருக்குது. சாப்பாட்டக் கொறச்சுட்டேன், சரிதானுங்களா?

கொறைக்கவே கூடாது தம்பி. அடக்கி வச்சா குடல் தண்ணிய உறிஞ்சி மலத்தைக் கல்லாக்கிரும். அது புண்ணைக் கிழிச்சுட்டுத்தான் வரும். அடுத்த நாள் பயம் ரெண்டு பங்காகும். களி, கீரை, கொய்யானு சாப்பிடுங்க. டாக்டர் குடுத்த மலமிளக்கி சிரப்பை நீங்களா நிறுத்தாதீங்க. ட்ரமடால் மாதிரி வலி மாத்திரை மலத்தைக் கட்டும், அது சாப்பிடறவங்களுக்கு சிரப் இன்னும் முக்கியம். இசப்கோல் (தண்ணியில கலக்கிக் குடிக்கற நார்ச்சத்து உமி) எடுத்தா கூடவே பெரிய டம்ளர் நெறையத் தண்ணி குடிங்க, இல்லைன்னா அதுவே அடைச்சுக்கும். வலி மாத்திரை போட்டு அரை மணி நேரம் கழிச்சுப் போங்க. வெஸ்டர்ன் டாய்லெட்னா காலுக்கடியில ஒரு பலகை வைங்க. முக்காதீங்க. போன் வெளியவே இருக்கட்டும். கொஞ்சம் ரத்தம் படறது சகஜம். நாளைக்கும் போகலைன்னா டாக்டர்கிட்டச் சொல்லிருங்க.

ஈரோடு: வெந்நீர்ல ஊட்டுக்காரரை உக்காரச் சொன்னாங்க. மஞ்சத்தூள், டெட்டால் போடலாங்களா?

ஈரோட்டுக்காரங்ககிட்ட மஞ்சளைக் கொறை சொன்னா விடமாட்டீங்க! ஆனா தொறந்த புண்ணுக்கு வேண்டாம் கண்ணு, தூள் உள்ள தங்கிரும். டெட்டால் எரிச்சலைத்தான் கூட்டும். வெறுந்தண்ணி போதும். அகலமான டப்புல, முழங்கையை விட்டுப் பாத்தா இதமா இருக்கற சூட்டுல, 10-15 நிமிசம். ஒரு நாளைக்கு மூணு தடவை; வெளிக்குப் போன பொறவு கட்டாயம். வலிக்குப் பயந்து ஆசனவாய்ச் சதை இறுகிக்கும், அந்த இறுக்கம் வலியக் கூட்டும். வெதுவெதுப்புல அது தளரும். பொறவு தேய்க்காம, ஒத்தி எடுக்கணும். மரத்துப்போற ஜெல் பூசிட்டு உக்காந்தா சூடு தெரியாது. அப்படித் தோல் வெந்து வார்டுக்குத் திரும்பி வந்தவரை நான் பாத்திருக்கேன்.

பல்லடம், தறி ஓட்டறவர்: பௌத்திரம் ஆபரேஷன் பண்ணி ஒரு மாசம். தையலே போடலைங்க. மறந்துட்டாங்களோ?

வேணும்னுதான் தொறந்து விட்டிருப்பாங்க. மேல மட்டும் மூடிக்கிட்டா உள்ள சீழ் கட்டி மறுபடியும் பௌத்திரம்தான். அடியிலிருந்து சதை வளந்து வரணும். ஆழத்தைப் பொறுத்து ஆறு வாரம், சிலருக்கு மூணு மாசங்கூட ஆகும். மூலத்துக்கு மில்லிகன், மார்கன்கிற டாக்டருங்க 1937ல எழுதின ஆபரேஷன் முறையிலயும் புண்ணைத் தைக்காமத்தான் விடறாங்க. லேசா நீர் கசியும், பேடு வச்சுக்குங்க. சர்க்கரையக் கட்டுக்குள்ள வைங்க. பீடி, சிகரெட் இருந்தா விட்டுருங்க, அது புண்ணுக்கு வர்ற ரத்தத்தைக் கொறைக்கும்.

அவிநாசி: நடுவுல ஓட்டை வச்ச காத்துத் தலகாணி வாங்கட்டுங்களா?

வேண்டாமுங்க. ஓட்டைக்கு நேரா சதை தொங்கி வீங்கும். மெத்துனு சாதாத் தலகாணி போதும்.

கோபி: பத்தாம் நாளு. ரெண்டு தடவை கட்டிகட்டியா ரத்தம் போச்சு.

இதைப் படிக்கறத விட்டுட்டு ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க, கூட ஒருத்தரைக் கூட்டிக்குங்க. ஏழாம் நாளிலிருந்து ரெண்டு வாரத்துக்குள்ள இப்படி ரத்தக்கசிவு வர்றதுண்டு. மத்தவங்களுக்கும் சொல்றேன்: காய்ச்சல், ஒண்ணுக்கு அடைப்பு, நாளுக்கு நாள் ஏறற வலி, இதெல்லாம் வீட்ல வச்சுப் பாக்கற விசயமில்லை.

பள்ளிபாளையம்: எங்க ஊரு சிக்கன் எப்பங்க சாப்பிடலாம்?

கோழி மேல குத்தமில்லை. அந்த வரமிளகாய் உள்ள போறப்ப மட்டுமா எரியும்? புண்ணு ஆறட்டும், அதுவரைக்கும் மிளகுத்தூள் தூவாத கோழிச்சாறு குடிங்க.