ஈடிபஸிடம் மதிக்க என்ன இருக்கிறது?

கேள்வி: எங்கள் சமூக மன்ற நாடகக் குழு பழங்காலக் கிரேக்க நாடகாசிரியர் சோஃபகிளிஸின் ‘ஈடிபஸ் மன்னன்’ நாடகத்தைத் தமிழில் போடுகிறது. எனக்கு ஈடிபஸ் வேடம். அப்பாவைக் கொன்று அம்மாவை மணந்தவன், போதாக்குறைக்கு முன்கோபி. பார்க்க வருகிறவர்களுக்கு இவன்மேல் எப்படி மரியாதை வரும்?
— வாசகர், ஈசூன்

பதில்: தம்பி, நீங்கள் சொல்லும் கொலையும் கல்யாணமும் நாடகம் தொடங்குவதற்குப் பல வருடம் முன்பே முடிந்துபோனவை. இன்னார் என்று தெரியாமல் செய்தவை. மேடையில் நாம் பார்ப்பது ஒரு விசாரணையை மட்டும்தான்.

கொள்ளைநோயில் ஈடிபஸ் ஆளும் தீப்ஸ் நகரம் செத்துக்கொண்டிருக்கிறது. மக்கள் வந்து கேட்பதற்கு முன்பே ஈடிபஸ் தன் மைத்துனன் கிரியோனை, தெய்வவாக்கு கேட்டுவர டெல்ஃபி கோயிலுக்கு அனுப்பிவிட்டான். திரும்பி வந்த கிரியோன், உள்ளே போய்ப் பேசலாமா என்கிறான். எல்லோர் முன்னாலும் சொல் என்கிறான் ஈடிபஸ். முந்தைய மன்னன் லாயஸைக் கொன்றவனைக் கண்டுபிடித்தால்தான் நோய் தீரும் என்பதே தெய்வவாக்கு. இந்த இடத்தை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். தன் தலையிலேயே விடியப்போகும் வழக்கை ஊரறியத் திறந்து வைக்கிறான்.

கோபத்தை மறைக்க வேண்டாம். பார்வையற்ற ஞானி டைரீசியஸைத் திட்டுவதும், கிரியோன்மேல் சதிப்பழி போட்டு அவன் சாக வேண்டும் என்று கத்துவதும் அநியாயம்தான். அசிங்கமாகவே இருக்கட்டும். அதை மழுப்பினால், ஈடிபஸின் பிறப்பு ரகசியம் தெரிந்த மேய்ப்பனை அவன் விசாரிக்கும் அடுத்த காட்சிக்கு வலு இருக்காது.

அதற்குள் அவன் மனைவியும் தாயுமான யொக்காஸ்டா உண்மையை ஊகித்து, இதோடு விட்டுவிடுங்கள் என்று கெஞ்சிவிட்டுப் போயிருப்பாள். மேய்ப்பனும் வாய் திறக்க நடுங்குகிறான். என்ன வரப்போகிறது என்று ஈடிபஸுக்கே புரிந்துவிடுகிறது. ஆனாலும் கேட்டே ஆக வேண்டும் என்கிறான். லாயஸைக் கொன்றவனைத் தேடச் சொன்னது தெய்வம். ‘நான் யார் பிள்ளை’ என்று தோண்டச் சொல்லி யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. நான் அவனை மதிப்பது இதற்காகத்தான்.

சிலப்பதிகாரத்துப் பாண்டியன் ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்று அங்கேயே உயிரை விடுகிறான். ஈடிபஸ் சாகவில்லை. தன் கண்களைத் தானே குத்திக் குருடாக்கிக்கொள்கிறான். துன்பத்தைத் தந்தது அப்பல்லோ தெய்வம், கண்ணைக் குத்தியது என் கைதான் என்கிறான். கொலைகாரனுக்கென்று தானே அறிவித்த நாடுகடத்தலைத் தனக்குத் தரச் சொல்லிக் கேட்கிறான். என் கணக்கில் அவன் பாண்டியனைவிட ஒரு படி மேல். சண்டைக்கு வருபவர்கள் தனிக்கடிதம் எழுதலாம்!

சரி, ஒத்திகைக்கு வருவோம். மேய்ப்பனாக நடிப்பவரோடு தனியாக உட்காருங்கள். முதல் கேள்விகளை அதட்டிக் கேளுங்கள், கடைசி இரண்டையும் குரல் உயராமல் கேளுங்கள். அங்கே அழுதுவிடாதீர்கள். முடிவில் மகள்களைத் தொட்டுப் பேசும் காட்சி இருக்கிறதே, அழுகையை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.