வண்டிக் கேள்விகள்: தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரல் போடலாமா?

கேள்வி: பாலக்கோட்டிலிருந்து சேலத்துக்குப் பிக்கப்பில் தக்காளி ஏற்றிப் போகிறேன். டீசல் விற்கிற விலைக்கு, தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் மிச்சம் பிடிக்கலாம் என்கிறார்கள். சரியா?

பதில்: வேண்டவே வேண்டாம், தம்பி. முதலில், அதில் மிச்சமே கிடையாது. இப்போதைய காமன்ரெயில் (டீசலைக் கம்ப்யூட்டர் அளந்து விடும்) வண்டியில், கியரில் இறங்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்டர் டீசல் விடுவதையே நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலிலோ, இன்ஜின் அணையாமல் இருக்கவே டீசல் வேண்டும்.

ஆபத்துதான் பெரிது. இன்ஜின் பிடிப்பு போனால் மொத்தப் பாரமும் பிரேக் மேல் விழும். மிதிக்க மிதிக்க லைனிங் சூடேறி, ஒரு கட்டத்தில் பிரேக்கே பிடிக்காது. தொப்பூரில் லாரி மோதிய செய்தியை எத்தனை முறை படித்துவிட்டோம்! அந்த இறக்கத்தை நினைத்தாலே எனக்கு வயிறு கலங்கும். இறங்கத் தொடங்கும் முன்பே மூன்றாவது கியருக்கு வந்துவிடுங்கள், லோடு அதிகமென்றால் இரண்டாவது. பிரேக் மேலேயே காலை வைத்திருக்காமல், அழுத்தி மிதித்து எடுங்கள். சாவியை மட்டும் அணைத்துவிடாதீர்கள். பிரேக் மிதிப்பதை லேசாக்கும் பூஸ்டரின் உதவி போய், பெடல் கல்லாகிவிடும்.

விலை பற்றி உங்கள் ஆதங்கம் நியாயமானது. டீசல் இன்னும் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை, மத்திய அரசின் கலால் வரியும் மாநில அரசின் வாட் (விற்பனை) வரியும் சேர்ந்தே நம் தலையில் விழுகின்றன. மிச்சம் பிடிக்க டயர் காற்றைக் கவனியுங்கள். காலையில், லோடு ஏற்றும் முன், டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள்.