எத்தனையாம் எண் கூண்டு ஏற்றினால் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்?

கேள்வி: கடலூரில் கடலுக்குப் பக்கத்திலேயே எங்கள் வீடு. செங்கல் சுவர், மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். மாமியாரால் நடக்க முடியாது, இரண்டு மாடுகளும் இருக்கின்றன. புயல் வந்தால் டிவியில் 3ஆம் எண் கூண்டு, 8ஆம் எண் கூண்டு என்கிறார்கள். எந்த எண்ணுக்குக் கிளம்ப வேண்டும்?

பதில்: கூண்டு எண்ணை வைத்துக் கிளம்பும் நேரத்தை முடிவு செய்யாதீர்கள். அது துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களுக்கும் படகுகளுக்கும் காட்டும் அடையாளம். 1, 2 என்றால் தாழ்வு மண்டலமோ புயலோ தொலைவில், நடுக்கடலில் இருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்தையும் பாதிக்கலாம். 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரும் அபாயம்.

இதில் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. 8ஐ விட 9 பலமான புயல் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இரண்டுமே தீவிரப் புயலுக்குத்தான், மாறுவது பக்கம். புயல் போகும் பாதைக்கு இடப்புறம் துறைமுகம் இருந்தால் 8, வலப்புறம் இருந்தால் 9, துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடந்தால் 10. 5, 6, 7 எண்களுக்கும் இதே கணக்குதான்.

உங்களுக்கு இந்தப் பக்கக் கணக்கு ரொம்ப முக்கியம். நம் பகுதியில் புயல்காற்று இடஞ்சுழியாகச் சுற்றும். கிழக்கிலிருந்து வரும் புயல் மரக்காணம் பக்கம் கரையைக் கடந்தால் கடலூர் அதற்குத் தெற்கே, அதாவது இடப்புறம். காற்று பெரும்பாலும் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். அதுவே பரங்கிப்பேட்டை பக்கம் கடந்தால் நீங்கள் வலப்புறம். காற்று கடலைத் தள்ளிக்கொண்டு ஊருக்குள் வரும். எனவே செய்தியில் எங்கே கடக்கிறது, எப்போது கடக்கிறது, காற்றின் வேகம் என்ன, கடல்நீர் எத்தனை மீட்டர் உயரும் என்ற நான்கையும் கேளுங்கள். கடக்கும் இடம் கடைசி நேரத்தில் மாறக்கூடும் என்பதால், இடப்புறம்தானே என்று வீட்டிலேயே தங்கிவிட வேண்டாம்.

காற்று மணிக்கு 62 கி.மீ. வேகத்தைத் தொட்டால்தான் அதைப் புயல் என்றே சொல்வார்கள். 89ஐத் தொட்டால் தீவிரப் புயல். 2011 டிசம்பர் 30 அன்று உங்கள் ஊருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கடந்த ‘தானே’ என்ற புயல், அதையும் தாண்டிய மிகத் தீவிரப் புயல். ஷீட் கூரையில் காற்று முதலில் ஓரத்தைத் தூக்கும். ஒரு ஷீட் கழன்றால் உள்ளே புகும் காற்று மற்றதையும் கிளப்பிவிடும். ஆகவே தீவிரப் புயல் கடலூர் பக்கம் வருகிறது என்று அறிவித்தாலே கிளம்பிவிடுங்கள். கடல்நீர் ஊருக்குள் வரும் என்று சொன்னால் வேகத்தையே பார்க்க வேண்டாம். கரையைக் கடப்பதற்கு 24 மணி நேரம் முன்பாவது புயல் எச்சரிக்கை வந்துவிடும். அந்தப் பகல் பொழுதிலேயே மாமியாரைப் புயல் நிவாரண முகாமில் சேர்த்துவிடுங்கள். வண்டி இல்லையென்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண்ணான 1077க்குக் கூப்பிடுங்கள். மாடுகளை மேட்டு நிலத்துக்கு ஓட்டிவிடுங்கள். முடியாவிட்டால் கயிற்றையாவது அவிழ்த்துவிடுங்கள், கட்டிப்போட்ட மாடுதான் தண்ணீரில் சாகும்.

அப்புறம், காற்று குறைவு என்றால் ஆபத்தே இல்லை என்றும் எண்ண வேண்டாம். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கடந்த ஃபெஞ்சல் புயல், தீவிரப் புயல் என்ற அளவைக்கூடத் தொடவில்லை. ஆனால் நகராமல் நின்று கொட்டித் தீர்த்தது. பிறகு சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி, கடலூரில் ஆற்றோரக் குடியிருப்புகளை மூழ்கடித்தது. உங்கள் வீடு ஆற்றுப் பக்கம் என்றால் புயல் போன பிறகும் இரண்டு மூன்று நாள் அணைச் செய்தியைக் கவனியுங்கள்.

முகாமில் இருக்கும்போது காற்று திடீரென்று அடங்கி வானம் வெளுத்தால் வெளியே வராதீர்கள். புயலின் கண், அதாவது காற்று அடங்கிய நடுப்பகுதி, தலைக்கு மேல் இருக்கலாம். 2016இல் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது இப்படித்தான் ஓய்ந்தது. அதுவரை வடக்கிலிருந்து அடித்த காற்று, சற்று நேரத்தில் தெற்கிலிருந்து அதே வேகத்தில் திரும்ப அடிக்கும். முதல் காற்றில் ஆடிப்போன மரமும் சுவரும் அப்போதுதான் விழும். வானிலை மையம் புயல் முழுவதும் கரையைக் கடந்துவிட்டது என்று அறிவித்த பிறகு, முதலில் ஒருவர் மட்டும் போய் அறுந்த மின்கம்பி கிடக்கிறதா, கூரை நிற்கிறதா என்று பார்த்து வரட்டும். மாமியாரை அதற்குப் பிறகு அழைத்துப் போகலாம்.