ஹண்டிங்டன், 43 – கடிதம்

ஐயா,

உயிரியல் முதுகலை படிக்கிறேன். அப்பாவுக்கு ஹண்டிங்டன் நோய், மூளை நரம்பணுக்கள் மெல்லச் சிதையும் பரம்பரை நோய். மரபணு அறிக்கையில் சிஏஜி 43 என்று இருக்கிறது, அதாவது டிஎன்ஏவில் சி, ஏ, ஜி என்ற மூன்றெழுத்து 43 முறை அடுத்தடுத்து வருகிறது. குளுட்டமைன் என்ற அமினோ அமிலம் கூடிப்போன புரதம்தான் காரணம் என்று வகுப்பில் படித்தோம். டிஎன்ஏ பழுதுநீக்கத்தை, அதாவது செல் தன் டிஎன்ஏ பிழைகளைத் தானே திருத்துவதைத் தூண்டும் மாத்திரை என்று இணையத்தில் விற்கிறார்கள். வாங்கலாமா? எனக்கும் அதே வயதில் வருமா?

ர.

அன்புள்ள தம்பி,

அப்பாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். இந்நோயில் உடம்பு வேகமாக இளைக்கும். மாத்திரைக் காசில் பாலும் நெய்யும் வாங்கிக் கொடுங்கள்.

பழுதுநீக்கம் என்றாலே நல்லது என்று யார் சொன்னது? முதுகலை படிப்பவர் இப்படி எழுதலாமா? ஹண்டிங்டனில் வினையே அங்கேதான். சிஏஜி வரிசையாக வரும் இடத்தில் டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் பிரிந்து மறுபடி சேரும்போது, சட்டைப் பொத்தானை ஒரு துளை தள்ளிப் போட்டதுபோல நழுவிச் சேரும். மிஞ்சிய துண்டு வெளியே பிதுங்கி, தன் சியோடு தன் ஜியையே கோத்துக்கொண்டு கொண்டை ஊசியாக நிற்கும். எம்எஸ்எச்2, எம்எஸ்எச்3 என்ற பழுதுநீக்கப் புரத ஜோடி அதைப் பிழையென்று சரியாகவே பிடிக்கிறது. பிதுங்கலை வெட்டியெறிந்தால் தீர்ந்தது. ஆனால் அடுத்து வரும் எம்எல்எச்1, எம்எல்எச்3 ஜோடி வெட்டுவது எதிர் இழையை! அந்த இடைவெளியை நிரப்பும்போது பிதுங்கலே அச்சாகிவிடுவதால் சிஏஜி கூடிவிடுகிறது. செல் பிரிதலே இல்லாத நரம்பணுவில்கூட இது ஓய்வதில்லை. எம்எஸ்எச்3 நீக்கப்பட்ட எலிகளில் இந்த சிஏஜி நீட்சி நிற்கிறது. எஃப்ஏஎன்1 புரதமோ எம்எல்எச்1ஐப் பிடித்துவைத்து நீட்சியைத் தடுக்கிறது. உங்கள் மாத்திரை இதில் யாரைத் தூண்டப்போகிறது?

குளுட்டமைனுக்கு வருவோம். ஒவ்வொரு சிஏஜியும் புரதத்தில் ஒரு குளுட்டமைனாகும். 43 சிஏஜிக்குப் பின் வழக்கமாக ஒரு சிஏஏ, ஒரு சிஏஜி வரும். சிஏஏ என்ற மூன்றெழுத்தும் தருவது குளுட்டமைனே, ஆக மொத்தம் 45. சிலருக்கு அந்த சிஏஏ சிஏஜியாக மாறியிருக்கும். அப்போதும் குளுட்டமைன் 45தான், புரதம் அப்படியே இருக்கிறது. ஆனால் இடையறாத சிஏஜி 45 ஆகிவிட்டது. 9,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து 2019இல் வந்த முடிவு இதுதான்: நோய் தொடங்கும் வயதைத் தீர்மானிப்பது குளுட்டமைன் எண்ணிக்கை அல்ல, இடையறாத சிஏஜி. சிஏஏ இல்லாதவர்களுக்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது. வகுப்பில் இதையும் கேளுங்கள்.

இன்னொன்று. டிஎன்ஏ துண்டைப் பெருக்கி நீளத்தை மட்டும் அளக்கும் பிசிஆர் சோதனை, கடைசி ஆறெழுத்து (சிஏஏ, சிஏஜி) வழக்கம்போல்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு கழித்துவிடும். இரண்டு வகையினருக்கும் 43 என்றே அச்சாகும். அப்பாவின் எண் நீளத்தை அளந்து வந்ததா, எழுத்தெழுத்தாக வாசித்து வந்ததா என்று ஆய்வகத்தில் கேளுங்கள்.

உங்கள் வயதுக் கேள்வி: நோய் தரும் மரபணு உங்களுக்கு வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வந்திருந்தாலும் 43ஆகவே இருக்கவேண்டியதில்லை, தந்தைவழியில் கூடுவதுண்டு. சோதனைக்கு ரத்தம் கொடுக்குமுன் மரபியல் ஆலோசகர் ஒருவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். தனியாகப் போகாதீர்கள்.