தண்ணீர் பாட்டில் ஏன் நிரம்பியபடியே திரும்பி வருகிறது?

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். காலாண்டுத் தேர்வில் மதிப்பெண் மிகவும் குறைந்துவிட்டது. வீட்டில் யாருக்கும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. காலையில் எழுந்தாலே வயிற்றுவலி என்கிறான். கட்டிக் கொடுக்கும் சாப்பாட்டில் பாதி மிச்சம் வருகிறது. தண்ணீர் பாட்டிலும் அப்படியே நிரம்பித் திரும்பி வருகிறது. பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உளவியல் ஆலோசகர், வருகிற திங்கட்கிழமை பெற்றோர் இருவரும் வந்து தம்மைச் சந்திக்கும்படி டைரியில் எழுதி அனுப்பியிருக்கிறார். ‘என் பிள்ளை என்ன பைத்தியமா?’ என்று கணவர் கோபப்படுகிறார். வெளியே தெரிந்தால் நாளை அவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்கிறார் மாமியார். மனநலம் பார்ப்பவருக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன வேலை? போனால் டி.சி.யில் ஏதாவது எழுதிவிடுவார்களா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, இராஜபாளையம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

போங்கள். கணவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். ஆலோசகரைச் சந்தித்தான் என்று எழுதுவதற்கு மாற்றுச் சான்றிதழில் இடமே கிடையாது. அந்தப் பயத்தை இப்போதே இறக்கி வைத்துவிடுங்கள்.

உங்கள் மாமியாரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் தலைமுறைக்கு மனநலம் என்றால் கீழ்ப்பாக்கம், இல்லையென்றால் ஏர்வாடி. அந்த ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்பி ஓட வழியின்றிக் கருகினார்கள். 28 உயிர்கள். அதுவும் உங்கள் தென்மாவட்டப் பக்கம்தான். அந்தச் செய்தியைக் கேட்டு வாழ்ந்தவர்கள் பேரப்பிள்ளைக்காக நடுங்குவதில் வியப்பில்லை. ஆனால் திங்கட்கிழமை நீங்கள் சந்திக்கப்போகிறவர் செய்யும் வேலை முற்றிலும் வேறு.

என் சொந்தக் கதையைக் கொஞ்சம் சொன்னால் இது விளங்கும். உளவியல் படித்து முடித்துப் பள்ளி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்தது மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை. பாதி இடத்தை விளையாட்டுப் பாய்கள் அடைத்திருந்தன. ‘மந்தம்’ என்று துண்டுச் சீட்டில் எழுதிப் பிள்ளைகளை அனுப்புவார்கள். நான் நுண்ணறிவுச் சோதனை வைத்து ஓர் எண்ணைக் குறித்துத் திருப்பி அனுப்புவேன். அந்த எண்ணைப் பார்த்த பிறகு ஆசிரியர் அந்தப் பிள்ளையிடம் கேள்வி கேட்பதையே நிறுத்திவிட்ட வகுப்பறைகள் உண்டு. அதற்கு நானும் பொறுப்பு. இன்று நினைத்தாலும் மனம் வலிக்கிறது.

இத்தனைக்கும் இந்தத் தொழில் பிறந்தது பிள்ளைகளை ஒதுக்குவதற்காக அல்ல. 1896-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் உலகின் முதல் உளவியல் சிகிச்சையகத்தைத் தொடங்கியபோது, முதலில் வந்தவன் எழுத்துப் பிழை விட்டுக்கொண்டே இருந்த ஒரு பள்ளி மாணவன். அழைத்து வந்தவர் அவனுடைய ஆசிரியை. சோதித்துப் பார்த்ததில் பையனின் கண்பார்வையிலேயே குறை இருந்தது. கண்ணாடி போட்டு, அதற்கு மேலும் தேவைப்பட்ட தனிப் பயிற்சியையும் கொடுத்தார்கள். 1905-இல் பாரிசில் ஆல்பிரட் பினே தம் நுண்ணறிவுச் சோதனையை உருவாக்கியதும் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறியத்தான். ஒருவரின் அறிவு பிறந்த அளவிலேயே நிற்கும், வளராது என்ற எண்ணத்தை அவரே கடுமையாக மறுத்தவர். பின்னால் வந்தவர்கள்தான் அதை வடிகட்டும் சல்லடையாக்கினார்கள்.

என் கண்ணைத் திறந்தது ஒரு தண்ணீர் பாட்டில். ஆறாம் வகுப்புப் பையன். அவனுக்கும் காலையில் வயிற்றுவலி, சரியும் மதிப்பெண். மாடிப்படி அறையில் இரண்டு நாள் உட்காரவைத்துக் கேட்டும் ஒரு சொல் பெயரவில்லை. மூன்றாம் நாள் அவன் பையைத் தூக்கிக் கொடுத்தபோது கனத்தது. பள்ளி விடும் நேரம், பாட்டில் மூடிகூடத் திறக்கப்படவில்லை. ‘ஏனப்பா தண்ணீர் குடிப்பதில்லை?’ என்று கேட்டேன். ‘குடித்தால் ஒன்றுக்குப் போகணும் மிஸ்’ என்றான். அன்றைக்கு அவன் சொன்னது அவ்வளவுதான்.

மறுநாள் இடைவேளையில் அறையைப் பூட்டிவிட்டுக் கழிப்பறைப் பக்கம் போய் நின்றேன். கதவில் தாழ்ப்பாள் இல்லை. பெரிய வகுப்புப் பையன்கள் சிலர் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, உள்ளே போகும் சின்னப் பையன்களின் கதவைத் தள்ளித் திறந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். தலைமை ஆசிரியையிடம் பேசித் தாழ்ப்பாள் போட வைத்தோம். இடைவேளையில் ஆயா ஒருவர் அங்கே நின்றார். சின்ன வகுப்புகளுக்குப் பத்து நிமிடம் முன்னதாக மணி அடித்தது. தள்ளிவிட்ட பையன்களுடன் பல வாரங்கள் தனியே பேசவேண்டியிருந்தது. அதில் ஒருவனுக்குத்தான் உண்மையிலேயே என் உதவி தேவைப்பட்டது. வயிற்றுவலிக்காரப் பையனுக்கு நான் ஒரு நாள்கூட ‘கவுன்சலிங்’ கொடுக்கவில்லை. அவன் தண்ணீர் குடிக்க ஆரம்பித்துவிட்டான்.

உங்கள் மகனுக்கும் இதேதான் என்று நான் சொல்லவில்லை. வேறு காரணமாகவும் இருக்கலாம். ஆனால் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, பாட்டில் அப்படியே திரும்பி வருகிறது என்று, அந்த வரியைத் திங்கட்கிழமை முதலில் சொல்லுங்கள். மதிப்பெண் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். வயிற்றுவலிக்கு ஒரு குழந்தை மருத்துவரையும் பார்த்துவிடுங்கள்; எல்லாவற்றையும் மனத்தின் தலையில் போடக் கூடாது.

பள்ளியில் உளவியலாளருக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். குழந்தையை மட்டும் பார்க்காமல் அவனைச் சுற்றி இருப்பதையும் பார்ப்பதுதான் இன்று அந்த வேலை. விளையாட்டு ஆசிரியர், வேன் ஓட்டுநர், சத்துணவு அம்மா எல்லோரிடமும் பேச வேண்டும். பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 அரசுப் பள்ளிகளில் இதைச் சோதித்துப் பார்த்து, முடிவுகளை 2018-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். தொழில்முறை உளவியலாளராக இல்லாவிட்டாலும் இதற்கெனப் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரைப் பள்ளிக்கென்றே அமர்த்திய இடங்களில் பள்ளியின் சூழலே மேம்பட்டது. மிரட்டலும் மாணவர்களின் மனச்சோர்வும் குறைந்தன. அதே வேலையை ஏற்கெனவே இருந்த ஆசிரியர் தலையில் கூடுதலாகச் சுமத்திய பள்ளிகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. பாடம், விடைத்தாள், தேர்தல் பணி என்று அல்லாடும் ஆசிரியரிடம் இதையும் கொடுத்தால் எப்படி நடக்கும்?

நம் மாநிலத்திலும் பத்தாண்டுகளுக்கு முன்பே உளவியல் ஆலோசகர்களை வேனில் ஏற்றிப் பள்ளி பள்ளியாக அனுப்பிப் பார்த்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் ஒரு நாள் வந்துபோகும் வேனிடம் எந்தப் பிள்ளை வாய் திறக்கும்? தினமும் வராந்தாவில் பார்க்கும் முகம் வேண்டும். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 100 மாணவர்களும் அதற்கு மேலும் படிக்கும் கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும் என்று வழிகாட்டுதல் தந்தது. மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளைத் தனி வகுப்பாகப் பிரிப்பதையும் பலர் முன் அவமானப்படுத்துவதையும் அதே தீர்ப்பு கண்டித்தது. உங்கள் மகனின் பள்ளியில் புதிதாக ஒருவர் வந்திருப்பதை நான் நல்ல செய்தியாகவே பார்க்கிறேன்.

ஆனால் அவரிடம் நீங்களும் சில கேள்விகள் கேட்க வேண்டும். தயங்காதீர்கள், அது உங்கள் உரிமை. என்ன படித்திருக்கிறார், குழந்தைகளுடன் வேலை செய்யப் பயிற்சி பெற்றவரா என்று கேளுங்கள். ‘கவுன்சலர்’ என்று பலகை மாட்டுகிறவர்கள் எல்லோரும் ஒரே படிப்புப் படித்தவர்கள் அல்லர். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். மாத்திரை எழுதுவது மனநல மருத்துவரின் வேலை. ஆலோசகர் எழுதக் கூடாது. மகன் சொல்வதை வகுப்பாசிரியரிடம் பகிர்வாரா, எவ்வளவு பகிர்வார் என்பதையும் முதல் நாளே பேசித் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினாலோ, யாராவது பிள்ளையிடம் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்திருந்தாலோ மட்டும் அவர் வாய்மூடி இருக்க முடியாது. இரண்டாவதைக் காவல் துறைக்குத் தெரிவிப்பதை குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-இன் போக்சோ சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது.

பேசிப் பார்த்து உங்களுக்கு நிறைவில்லையென்றால் பள்ளியோடு நிற்க வேண்டியதில்லை. 1990-களில் மாவட்ட மனநலத் திட்டம் நாட்டில் முதலில் தொடங்கிய சில மாவட்டங்களில் நம் திருச்சியும் ஒன்று. இன்று மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போனால் பணம் செலவழிக்காமல் மனநலப் பிரிவில் பார்க்கலாம். இரவு நேரத்தில் மனம் பதறினால் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். மகன் மட்டுமல்ல, நீங்களும் பேசலாம்.

உங்கள் கணவரிடம் வாதாட வேண்டாம். ‘பையன் தண்ணீர் குடிக்காமல் வருகிறான், ஏன் என்று கேட்டுவிட்டு வரலாம்’ என்று மட்டும் சொல்லுங்கள். எந்த அப்பாவும் அதற்கு வராமல் இருக்க மாட்டார்.

கடைசியாக, மகனுக்குத் தெரியாமல் போகாதீர்கள். டைரியைத் தூக்கிக்கொண்டு வந்தவனே அவன்தான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்திருப்பான். அன்றிலிருந்து வீட்டில் நடக்கும் சண்டையையும் கேட்டுக்கொண்டிருப்பான், தன்னால்தான் என்று நினைத்துக்கொண்டு. இன்று ராத்திரி அவன் பக்கத்தில் உட்கார்ந்து, ‘உன் மேல் புகார் எதுவும் இல்லை, உனக்கு அங்கே என்ன கஷ்டம் என்று தெரிந்துகொள்ளப் போகிறோம்’ என்று சொல்லிவிடுங்கள். பதில் வராவிட்டால் பரவாயில்லை. விளக்கை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே இருங்கள்.